பசிக்குக் காவல் நிற்பவை: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் மூளையில் என்ன நடக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான்கே வரியில் பதில் எழுதினேன். மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன, கொழுப்பு மிகுந்த உணவு உள்ளே போனதும் அவை கிளர்ந்தெழுகின்றன, அதனால் பசியே மாறிப்போகிறது என்று. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதே விஷயம்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலி மூளையைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை.

என் மகனுக்குப் 13 வயது, எடை 71 கிலோ. "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். முறுக்கு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ராத்திரி எழுந்து வந்து சாவி தேடுகிறான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அழுகை வந்தது. தப்பு அவன் மேலா, அவன் மூளை மேலா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, முதலில் அந்தச் சாவியை எடுத்துப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள். முறுக்கை வாங்காமல் இருப்பது வேறு, வாங்கி வைத்துப் பூட்டுவது வேறு. பூட்டிய டப்பா பிள்ளையின் நினைப்பிலேயே நிற்கும்.

பசி வாயில் பிறப்பதில்லை. இது தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1901-ல் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்ற மருத்துவர், மூளையின் அடிப்பகுதியில் கட்டி இருந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய உங்கள் மகன் வயதுதான் அவனுக்கும். கட்டி வளர வளர அவன் உடம்பும் பெருத்தது. அப்புறம் 1940-ல் சிகாகோவில் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலி மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் மட்டும் சின்னக் காயம் உண்டாக்கினார்கள். எலிகள் ஊதிப்போயின. ஹைப்போதலாமஸ் என்பது கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில், ஒரு பாதாம் பருப்பு அளவே இருக்கும் இடம். அதற்குள் இரண்டு வகை நரம்புச் செல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று "சாப்பிடு" என்கிறது, மற்றது "போதும்" என்கிறது. நம் கொழுப்புத் திசுவில் இருந்து லெப்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் வந்து இவற்றிடம் கையிருப்புக் கணக்குச் சொல்லும். இருப்பு நிறைய இருந்தால் "போதும்" செல் உரக்கப் பேசும். அந்த லெப்டினை 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது.

அப்போது எல்லோரும் நினைத்தது, லெப்டினை ஊசியாகப் போட்டால் குண்டு கரைந்துவிடும் என்று. நடக்கவில்லை. எடை கூடியவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் நிறையத்தான் இருந்தது. சொல்பவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், கேட்பவருக்குக் காது அடைத்துவிட்டது. யார் அடைத்தார்கள்? அந்த இடத்தில்தான் மைக்ரோகிளியா வருகிறது.

இவற்றை 1919-ல் மாட்ரிட்டில் ரியோ ஹோர்தேகா என்பவர் வெள்ளிச் சாயம் ஏற்றித் தனியாக அடையாளம் காட்டினார். நரம்புச் செல்லோடு சேர்ந்து பிறந்தவை அல்ல இவை. கரு உருவாகும் ஆரம்ப நாட்களில், கருவை ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் பிறந்து, அங்கிருந்து மூளைக்குக் குடிவந்து, அங்கேயே தங்கிவிடுபவை. ஏறத்தாழ மூளைச் செல்களில் பத்தில் ஒன்று. சும்மா இருக்கின்றன என்றுதான் பல காலம் பாடம் நடத்தினோம். 2005-ல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை லேசர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒவ்வொன்றும் தன் மெல்லிய கைகளை நீட்டி மடக்கி, தன் எல்லையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது. சில மணி நேரத்துக்குள் மூளை முழுவதும் ஒரு சுற்றுத் தடவி முடித்துவிடுகின்றன.

கிருமி வந்தால் கிளர்ந்தெழ வேண்டியவை இவை. ஆனால் 2012-ல் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தேலர், ஷ்வார்ட்ஸ் குழு ஒன்றைக் காட்டியது. கொழுப்பு மிகுந்த தீனிக்கு மாற்றிய எலிகளில், ஹைப்போதலாமஸில் மட்டும் அழற்சி (காயத்தோடும் கிருமியோடும் போராடும்போது உடம்பில் எழும் கிளர்ச்சி) தொடங்க ஒன்றிலிருந்து மூன்று நாள் போதும். அந்த நேரத்தில் எலியின் எடை இன்னும் பெரிதாக ஏறவே இல்லை. குண்டானதால் மூளை கெட்டது என்று சொல்ல முடியாது, மூளையில்தான் முதலில் மாற்றம்.

மனிதர்களிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதே இடத்தில் மாற்றம் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளிலும் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மாற்றம் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்கு அடுத்த ஒரு வருடத்தில் கொழுப்பு அதிகம் சேர்ந்தது.

உங்கள் மகன் மூளையில் இதுதான் நடந்திருக்கிறது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. மரபு, தூக்கம், தைராய்டு என்று பார்க்க வேண்டியவை பல. குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆனால் ராத்திரி அவன் சாவி தேடுவது திமிர் இல்லை. அவனுக்கு நிஜமாகவே பசிக்கிறது. "பசிக்கிறதா கண்ணா" என்று கேட்டு, இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை" என்று சொல்லும் பெரியவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் உயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்தச் செல்களை நேரில் பார்த்தவர் என்ற முறையில், அவை எப்படி இருக்கும் என்று சொல்லுங்களேன். பாடப்புத்தகப் படத்தில் ஒன்றும் புரியவில்லை.
— ஒரு மாணவர், வேலூர்

தம்பி, இந்தக் கேள்விக்கு ஒரு புத்தகமே எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

முதலில் தீனியில் இருந்து தொடங்குகிறேன். சாதாரணச் சுண்டெலித் தீனி பழுப்பாக, கட்டியாக, கோழித்தீவனம் மாதிரி மணக்கும். கொழுப்புத் தீனி எங்கள் கூடத்தில் நீல நிறத்தில் வரும், எதை எந்தக் கூண்டில் போட்டோம் என்று குழம்பாமல் இருக்க. கையில் எடுத்தால் பிசைந்த மாவு மாதிரி அழுந்தும். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பு, பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. குளிரில் வைக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அதைத் தின்னும் எலிகளின் முடி இரண்டு நாளிலேயே எண்ணெய் தடவியது போலப் படிந்துவிடும்.

அப்புறம் மூளை. பதப்படுத்தின மூளையைச் சர்க்கரைக் கரைசலில் போடுவோம். முதலில் மிதக்கும். கரைசல் உள்ளே ஊறி, அது அடியில் போய் உட்கார்ந்தால்தான் உறைய வைக்கலாம். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலை, குப்பிக்குள் மூளை மூழ்கிவிட்டதா என்று பார்ப்பது. உறைந்த பிறகு குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் கத்தியில் 30 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை முப்பத்து மூன்றாகப் பிரித்தால் வரும் தடிமன். ஓவியத் தூரிகையில் ஒவ்வொரு சீவலையும் தொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவோம். மூச்சை இழுத்துவிட்டால்கூடச் சுருண்டுகொள்ளும்.

மைக்ரோகிளியாவுக்குள் மட்டும் அதிகம் இருக்கும் ஒரு புரதம் உண்டு, ஐபா-1 என்று பெயர். அதைப் பிடிக்கும் சாயம் ஏற்றினால் அவை மட்டும் காப்பிக் கொட்டை நிறத்தில் தெரியும். நடுவில் செங்குத்தாக ஒரு கீறல் மாதிரி இருப்பது மூன்றாம் மூளை அறை. அதன் அடியில் இரண்டு பக்கமும் சின்ன முக்கோணமாக இருப்பதுதான் பசியின் இடம். சாதாரணத் தீனி தின்ற எலியில் அங்கே இருக்கும் மைக்ரோகிளியா, நார் நாராக வேர்விட்ட சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும். உடம்பு சின்னது, வேர்கள் மெல்லியவை, நீளமானவை. ஒன்றின் வேர் இன்னொன்றின் மேல் படாது. ஒவ்வொன்றுக்கும் தன் பங்கு நிலம். நீலத் தீனி தின்ற எலியில் அதே இடத்தில் சேப்பங்கிழங்கு தெரியும். உடம்பு தடித்து, வேர்கள் குட்டையாகி, எண்ணிக்கையும் கூடி நெருக்கமாக இருக்கும். சீவலைக் கொஞ்சம் நகர்த்தி மூளையின் மேல்பகுதியைப் பார்த்தால், அதே எலியில், அங்கே வெங்காயம் வெங்காயமாகவே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. தீனி எங்கே, இந்த முக்கோணம் எங்கே என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்துக்கு மட்டும் ஏன் என்று நீ கேட்பாய். மூளை முழுவதற்கும் ரத்தத்தில் இருந்து கண்டதும் நுழையாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. அந்த முக்கோணத்துக்குப் பக்கம் போன்ற ஒரு சில இடங்களில் மட்டும் ரத்தக் குழாய்களில் நுண்ணிய துளைகள் உண்டு. உடம்பின் கையிருப்பை அறிய அந்த இடத்துக்கு ரத்தத்தின் ருசி தெரிந்தாக வேண்டுமே. அந்த வாசல் வழியாகத்தான் நல்லதும் வருகிறது, கொழுப்பமிலமும் வருகிறது.

எலி குண்டானது, செல்லும் தடித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்லலாம்? நான் முப்பத்தைந்து வருடம் வங்கியில் தணிக்கை பார்த்தவன், எதையும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.
— ஓய்வுபெற்ற ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, ஆராய்ச்சியாளர்களும் உங்களைப் போலத்தான் தணிக்கை பார்த்தார்கள்.

உணவுக்கும் ஹைப்போதலாமஸ் அழற்சிக்கும் உறவு உண்டு என்று 2005-ல் பிரேசில் நாட்டின் கம்பினாஸ் நகரத்தில் வெலோசோ குழு சொன்னது. காரணம் யார் என்பது அப்போது தெரியாது. 2014-ல் சான் பிரான்சிஸ்கோவில் கோலிவாட் குழு சுண்டெலியின் வயிற்றுக்குள் நேரடியாகக் கொழுப்பைச் செலுத்திப் பார்த்தது. நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய் போல உறையும் வகை) போனபோது அழற்சி வந்தது, ஆலிவ் எண்ணெய் போனபோது அப்படி வரவில்லை. மைக்ரோகிளியாவை முன்கூட்டியே அகற்றிவிட்டால் நிறைவுற்ற கொழுப்பாலும் அழற்சி வரவில்லை.

2017-ல் அதே குழு, சியாட்டில் தேலரோடு சேர்ந்து, மூன்று பக்கமும் கணக்கை நேர் செய்தது. முதலாவது, மைக்ரோகிளியா உயிர்வாழத் தேவையான ஒரு சமிக்ஞையை மருந்தால் தடுத்தார்கள். மருந்தைத் தீனியிலேயே கலந்தார்கள். மைக்ரோகிளியா பெருமளவு மறைந்தது. கொழுப்புத் தீனி முன்னால் இருந்தும் அந்த எலிகள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகத் தின்றன, எடையும் குறைவாகவே ஏறியது. "மருந்து உடம்பில் வேறு எதையாவது செய்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் இரண்டாவதாக, மைக்ரோகிளியாவை இருக்க விட்டு, அவற்றுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் ஒரு மரபணுவை மட்டும் எடுத்தார்கள். அதே பலன். மூன்றாவதுதான் எனக்கு உறுதியான சாட்சி. அழற்சிக்குப் பிரேக் மாதிரி ஏ-20 என்ற புரதம் இருக்கிறது. அதை மைக்ரோகிளியாவில் மட்டும் எடுத்துவிட்டார்கள். கொழுப்புத் தீனி கொடுக்கவே இல்லை, சாதாரணத் தீனிதான். அந்த எலிகள் அதிகம் தின்றன, குறைவாகச் சக்தி செலவழித்தன, குண்டாயின.

அகற்றினால் குறைகிறது, அடக்கினால் குறைகிறது, தூண்டினால் உணவு மாறாமலேயே கூடுகிறது. இதற்கு மேல் எலியில் என்ன சாட்சி வேண்டும், ஐயா?

எப்படிச் செய்கின்றன என்பதும் ஓரளவு தெரியும். தடித்த மைக்ரோகிளியா டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களை வெளியே விடுகிறது. அவை பக்கத்து நரம்புச் செல்லில் லெப்டின், இன்சுலின் சொல்வதைக் காதில் விழாமல் செய்கின்றன. ரத்தத்தில் இருந்து வேறு எதிர்ப்புச் செல்களையும் உள்ளே அழைக்கின்றன. 2019-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டியானோ குழு, மைக்ரோகிளியாவின் உள்ளே சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள யு.சி.பி.-2 என்ற புரதத்தை அகற்றினாலும் எலி கொழுப்புத் தீனியில் குண்டாகாமல் தப்புகிறது என்று காட்டியது. சான் பிரான்சிஸ்கோ ஒரு கதவு வழியாக நுழைந்தது, யேல் இன்னொரு கதவு வழியாக. இரண்டும் ஒரே அறைக்குத்தான் வந்து சேர்ந்தன.

மனிதர்களில் இப்படி அகற்றியும் தூண்டியும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஸ்கேனும், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததும்தான் நமக்குச் சாட்சி. உடல் பருமன் இருந்தவர்களின் ஹைப்போதலாமஸில் மைக்ரோகிளியா மாறியிருந்ததை ஜெர்மனியில் 2016-ல் பார்த்தார்கள். அந்தச் சாட்சி எலிச் சாட்சியைவிடப் பலம் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அதுவும் நிறைவுற்ற கொழுப்பு என்கிறார்களே, நிறுத்திவிடவா? நெய்யும் வேண்டாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

எலித் தீனியை நம் இலையில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் அதில் 60 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து எடுத்தால், 130 கிராமுக்கு மேல் கொழுப்பு. ஒன்பது, பத்து மேசைக்கரண்டி எண்ணெய். உங்கள் வீட்டு அவியலிலும் தாளிதத்திலும் ஒருவருக்கு அவ்வளவு போகாது. ஆகவே அவியலுக்குப் பயப்படாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பது உண்மை. ஆனால் அதில் பாதி லாரிக் அமிலம். ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ரோகிளியாவைச் சீண்டுவதற்கு நாங்கள் எடுப்பது பால்மிட்டிக் அமிலம். அது பாமாயிலில் ஏறக்குறைய 44 சதவீதம், தேங்காய் எண்ணெயில் பத்துக்கும் கீழே. இதை வைத்துத் தேங்காய் எண்ணெய் மூளைக்கு நல்லது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள், இந்தச் சோதனைகள் அதைச் சொல்லவில்லை. அளவாக ஊற்றுங்கள். நெய்யும் அப்படியே, பருப்புச் சாதத்துக்கு ஒரு தேக்கரண்டி.

என் கவலை வீட்டு எண்ணெய் இல்லை அம்மா. சாயங்காலம் பேக்கரியில் வாங்கும் பப்ஸ், கிரீம் பன், பள்ளி வாசலில் பாக்கெட்டில் தொங்கும் சிப்ஸ், ராத்திரி பரோட்டாவோடு ஒரு பொரித்த கோழி. கொழுப்பும் மாவும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வரும் இவற்றில் நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்று நமக்கே தெரியாது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-ல் ஒரு சோதனை செய்தார். 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்தின உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. பரிமாறின கலோரி, கொழுப்பு, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல. வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் சராசரியாகத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. அவர்கள் மைக்ரோகிளியாவை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அதைப் படித்ததில் இருந்து என் வீட்டு அலமாரியில் பாக்கெட் பலகாரம் இல்லை.

மைக்ரோகிளியாவை அகற்றும் மருந்து இருக்கிறது என்றால், நமக்கும் மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே?
— ஒரு வாசகர், திருச்சி

வேண்டவே வேண்டாம். மூளைக்குள் வரும் கிருமியைத் தடுப்பதும், செத்த செல்லை அள்ளுவதும், குழந்தை மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துச் செப்பனிடுவதும் இவைதான். அந்த வகை மருந்துகளில் ஒன்று மூட்டுச் சவ்வில் வரும் ஓர் அரிய கட்டிக்காக அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்றது, கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. எடை குறைக்க அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். எலிகளிலும் மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் மைக்ரோகிளியா திரும்பப் பெருகிவிடும்.

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. இந்த மூளை அழற்சி சர்க்கரையையும் ஏற்றுமா?
— ஒரு வாசகர், சென்னை

இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். எடையை ஏற்றுவது சர்க்கரையையும் ஏற்றத்தானே வேண்டும்? 2023-ல் சியாட்டில் தேலர் குழுவின் கட்டுரை வந்தது. இரண்டு தடவை படித்தேன், நம்பிக்கை வரவில்லை, மூன்றாம் தடவை படங்களை மட்டும் பார்த்தேன். மைக்ரோகிளியாவில் அழற்சியைத் தூண்டிய எலிகள் குண்டாயின, ஆனால் சர்க்கரையை நன்றாகச் சமாளித்தன. அழற்சியை அடக்கிய எலிகள் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. தடித்த மைக்ரோகிளியா விடும் அதே டி.என்.எஃப். நரம்புச் செல்களைத் தட்டி, கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கிறதாம்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். மிதமிஞ்சிய உணவு வரும்போது இந்தச் செல்கள் எதிரியாக மாறவில்லை. வருகிற வெள்ளத்தை எப்படியாவது பதுக்கிவைத்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் பார்க்கின்றன. இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளமாக இருந்தால் அது நல்ல ஏற்பாடுதான். நாம் வருடம் முழுவதும் வடியவிடுவதில்லை. இது என் யோசனை, நிரூபணம் இல்லை. உங்கள் மாத்திரையில் இதனால் ஒரு மாற்றமும் செய்ய வேண்டாம், உங்கள் மருத்துவர் சொல்வதே சரி.

பெண்களுக்குத்தான் எடை சீக்கிரம் ஏறுகிறது என்கிறார்கள். மைக்ரோகிளியாவில் ஆண் பெண் வித்தியாசம் உண்டா?
— ஒரு வாசகி, ஈரோடு

எலிகளில் உண்டு, ஆனால் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக. கொழுப்புத் தீனியில் ஆண் சுண்டெலிதான் சீக்கிரம் குண்டாகிறது. நரம்புச் செல் மைக்ரோகிளியாவிடம் "அமைதியாக இரு" என்று சொல்லும் ஒரு சமிக்ஞை பெண் எலியில் வலுவாக இருக்கிறது. அதை அகற்றினால் பெண் எலியும் குண்டாகிறது, ஆண் எலியின் ஹைப்போதலாமஸில் அதைக் கூட்டினால் தப்பிக்கிறது. இது 2017-ல் வந்த ஆய்வு. மனிதரில் பிரசவம், மாதவிடாய் நிற்பது, வீட்டு வேலை, தூக்கம் எல்லாம் குறுக்கே வருவதால் அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது.

ஒரு வருடம் பாடுபட்டு 11 கிலோ குறைத்தேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் 9 கிலோ திரும்ப வந்துவிட்டது. உணவு ஆலோசனை சொன்னவர் "உங்களுக்கு உறுதி போதாது" என்றார். இனி முயற்சி செய்வதில் பயன் உண்டா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, புதுக்கோட்டை

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா மூட்டுவலிக்கு வருவார். ஒரு நாள் எடை பார்க்கும் இயந்திரத்தில் அவரை நிற்க வைத்து, வரிசையில் எல்லோரும் கேட்கும்படி, "கொஞ்சம் வாயைக் கட்டுங்கக்கா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, சீட்டைக்கூட வாங்காமல் போனார். அப்புறம் வரவே இல்லை. அவருக்கு நான் செய்தது தவறு. உங்களுக்கு அந்த ஆலோசகர் செய்ததும் தவறு.

2011-ல் மெல்பர்ன் நகரத்தில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்கள் ரத்தத்தில் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, அவர்களுக்குப் பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. 2024-ல் சூரிச்சில் இருந்து வந்த ஆய்வு, எடை குறைந்த பிறகும் கொழுப்புச் செல்களின் மரபணுக்கள் மேல் பழைய பருமனின் தடம் அப்படியே இருக்கிறது என்றது. பதினோரு கிலோவைக் குறைத்து, இத்தனையும் எதிர்த்து இழுக்கும்போதும் இரண்டு கிலோவை இன்னும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் உறுதி இல்லாமை இல்லை.

பயன் உண்டா என்றால், உண்டு. கொழுப்புத் தீனியில் பல வாரம் இருந்த சுண்டெலிகளைச் சாதாரணத் தீனிக்கு மாற்றியபோது ஹைப்போதலாமஸில் இருந்த மாற்றம் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியதை 2014-ல் அதே சியாட்டில் கூடம் காட்டியது. சேப்பங்கிழங்கு மறுபடி வெங்காயமாகும். ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளில், கொழுப்புத் தீனி தின்றும் அழற்சி குறைவாகவே இருந்தது. இந்தத் தடவை வேகமாகக் குறைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் எடையைக் கணக்கில் எடுக்காமல், பாக்கெட்டையும் பொரித்ததையும் மட்டும் வீட்டில் இருந்து அகற்றுங்கள், தினம் நடங்கள். இப்போது பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரை யாரும் உறுதி இல்லாதவர் என்று சொல்வதில்லையே.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மைக்ரோகிளியா என்றால் என்ன அர்த்தம்? தமிழில் என்ன சொல்வீர்கள்? அதை நாங்களும் பார்க்கலாமா?
— ஒரு மாணவி, தென்காசி

கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை, கண்ணு. நரம்புச் செல்களை ஒட்டவைக்கும் பசை என்று 19-ஆம் நூற்றாண்டில் நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். அப்புறம் ரியோ ஹோர்தேகா இந்தச் சின்ன வகையைத் தனியாகப் பிரித்து மைக்ரோ என்பதை முன்னால் சேர்த்தார். அவர் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரால் ஊரை விட்டுப் போய், 1945-ல் அர்ஜென்டினாவில் இறந்தார். பசை என்ற பெயர் தப்பு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. என் வகுப்பில் பிள்ளைகள் "காவல் செல்" என்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

பார்க்கலாம். பழைய கூடத்தில் இருந்து நான் கொண்டுவந்த கண்ணாடித் தகடுகள் ஒரு மரப்பெட்டியில் இன்னும் இருக்கின்றன. சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் முக்கோணம் நன்றாகத் தெரியும். உன் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதச் சொல், ஒரு சனிக்கிழமை காலையில் ஏற்பாடு செய்யலாம். முதலில் வெங்காயத்தைக் காட்டுகிறேன், அப்புறம் சேப்பங்கிழங்கு.